நகல் பெரிதானால் வீடு பெரிதாகுமா? வரைபடத்தின் மூலையில் இருக்கும் அளவுப்பட்டையைப் பாருங்கள்!

தாராவியில் வாழும் தமிழர்களுக்கு அடிக்கணக்கு புதிதல்ல. அங்குள்ள இரண்டு பெரிய சாலைகளின் பெயரே அளவுதான். ஒன்று 90 அடி ரோடு. மற்றொன்று 60 அடி ரோடு. தெருவில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் பேச்சு அடியில்தான் நடக்கிறது.

மும்பையில் குடிசைகளை அகற்றி மாடிக் கட்டடத்தில் வீடு கொடுக்கும் மறுவாழ்வுத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு உரிய இடம் தொடக்கத்தில் 225 சதுர அடியாக இருந்தது. பிறகு 269 சதுர அடி ஆயிற்று. 2018-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளில் அது 300 சதுர அடியாக உயர்ந்தது. 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். நான்கு அல்லது ஐந்து பேர் படுத்து எழுந்து, சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகள் படிக்க வேண்டிய இடம் அது. அதில் அரை அடி குறைந்தாலும் கட்டில் ஒரு பக்கம், பீரோ ஒரு பக்கம் என்று இடிக்கும்.

இப்படிப்பட்ட வீட்டைக் கட்டுவதற்கு முன்பு கண்ணால் பார்க்க முடியாது. குடியிருப்போர் கையில் வருவது ஒரு காகிதம். அதுதான் பிளான் எனப்படும் வரைபடம். சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத்தான் பார்க்கிறார்கள். ஹால் இங்கே, சமையலறை அங்கே என்று எல்லோரும் கண்டுபிடித்து விடுகிறார்கள். ஆனால் ஹால் எத்தனை அடி என்று கேட்டால், "அதெல்லாம் என்ஜினீயருக்குத்தான் தெரியும்" என்பதே பெரும்பாலும் பதில்.

என்ஜினீயருக்கு மட்டும் தெரிய வேண்டிய விஷயமல்ல இது. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று இருந்தால் போதும். யாரும் அளந்து பார்க்கலாம். அதற்கு வரைபடத்தில் ஒரு சின்னப் பொருள் இருக்க வேண்டும். அதன் பெயர் அளவுப்பட்டை.

எழுத்தும் பட்டையும்

வரைபடத்தின் கீழ் மூலையில் "ஸ்கேல் 1:100" என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். காகிதத்தில் ஒரு பங்கு என்றால் தரையில் 100 பங்கு என்பது இதன் பொருள். காகிதத்தில் 1 சென்டிமீட்டர் இருந்தால் தரையில் 100 சென்டிமீட்டர், அதாவது 1 மீட்டர். இது எளிய கணக்கு.

அளவுப்பட்டை என்பது வேறு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் ஒரு சிறு பட்டை அது. ரெயில்வே கேட்டின் குறுக்குக் கம்பத்தைச் சிறியதாக்கிப் படுக்க வைத்தது போல இருக்கும். அதன் மேல் 0, 1, 2, 3, 4, 5 மீட்டர் என்று எண்கள் இருக்கும். பள்ளிக்கூட அட்லஸ் புத்தகத்தில் எல்லோரும் பார்த்ததுதான்.

இரண்டும் ஒன்றைத்தானே சொல்கின்றன? பிறகு எதற்கு இரண்டு?

வரைந்த காகிதம் வரைந்தபடியே இருக்கும் வரை இரண்டும் ஒன்றுதான். நகல் எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். படத்தைச் சிறியதாக்கினாலும் பெரியதாக்கினாலும் "1:100" என்ற எழுத்து மாறாது. எழுத்து பொடியாகலாம், பருமனாகலாம். ஆனால் அது சொல்லும் செய்தி 1:100 என்பதே. அந்தச் செய்தி இப்போது பொய். பட்டை அப்படியல்ல. சுவர் சுருங்கினால் பட்டையும் அதே அளவு சுருங்கும். சுவர் நீண்டால் பட்டையும் நீளும். படத்தோடு சேர்ந்து மாறுவதால், அது எப்போதும் உண்மையைச் சொல்லும்.

இரண்டு மடங்கான ஹால்!

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு ஹால் 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். பரப்பளவு 10.8 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 116.

1:100 அளவில் வரைந்தால் காகிதத்தில் அது 36 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் இருக்கும். இந்தப் படம் ஏ-4 காகிதத்தில் இருக்கிறது. "எழுத்து சரியாகத் தெரியவில்லை, பெரிதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று ஜெராக்ஸ் கடையில் கேட்கிறார்கள். கடைக்காரர் ஏ-3 காகிதத்தில் எடுத்துக் கொடுக்கிறார். அவர் செய்ததில் தவறு ஒன்றும் இல்லை.

ஏ-4 காகிதத்திலிருந்து ஏ-3 காகிதத்துக்குப் போகும்போது நீளமும் அகலமும் ஏறத்தாழ 1.41 மடங்காகின்றன. நகல் எந்திரத்தில் 141 சதவீதம் என்று காட்டுவது இதைத்தான். இப்போது ஹால் காகிதத்தில் சுமார் 51 மில்லிமீட்டர் நீளம், 42 மில்லிமீட்டர் அகலம். கீழே இன்னமும் "1:100" என்றே இருக்கிறது. அதை நம்பி ஸ்கேல் வைத்து அளந்தவருக்கு 5.1 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம் என்று கிடைக்கும். பரப்பளவு 21 சதுர மீட்டருக்கும் மேல்!

அதாவது 116 சதுர அடி ஹால் ஒரே நகலில் ஏறத்தாழ இரண்டு மடங்காகி விட்டது. நீளம் 1.41 மடங்கு, அகலம் 1.41 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 2 மடங்கு. யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் காகிதம் ஏமாற்றி விட்டது.

நேர்மாறாகவும் நடக்கும். பெரிய ஏ-1 தாளில் வரைந்த படத்தை ஏ-3 தாளில் சுருக்கி எடுத்தால் நீளம் சரிபாதியாகும். 1:100 என்று எழுதியிருக்கும் படம் உண்மையில் 1:200 ஆகி விடும். 12 அடி அறை 6 அடி அறை போலத் தெரியும்.

இவை பெரிய தவறுகள். பார்த்தவுடன் சந்தேகம் வந்து விடும். ஆபத்தானது சின்னத் தவறு. பிரிண்டரில் "காகிதத்துக்குள் அடங்கும்படி" என்று ஒரு வசதி உண்டு. ஓரத்து இடைவெளிக்காக அது படத்தைச் சற்றே சுருக்கி விடும். 100-க்கு 4 பங்கு சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 10 அடிச் சுவரில் அது கிட்டத்தட்ட 5 அங்குலம். அந்தப் படத்தை அளந்து அலமாரி செய்த ஆசாரியின் வேலை, சுவருக்கு இடையில் பொருந்தாமல் நிற்கும்.

இப்போது வரைபடங்கள் கைபேசியில் வாட்ஸ்அப் வழியாகவும் வருகின்றன. விரலால் இழுத்தால் படம் பெரிதாகிறது, விட்டால் சிறிதாகிறது. கைபேசித் திரையில் "1:100" என்ற எழுத்துக்குப் பொருளே இல்லை. அங்கே உதவக்கூடியது பட்டை ஒன்றுதான்.

ஸ்கேல் கூட வேண்டாம்!

அளவுப்பட்டையைப் பயன்படுத்துவது மிகச் சுலபம். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதன் விளிம்பை அறையின் சுவரோடு பொருத்துங்கள். சுவர் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தத் துண்டை நகர்த்தி, முதல் கோடு பட்டையின் 0-ல் இருக்கும்படி வையுங்கள். இரண்டாவது கோடு எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் அறையின் நீளம். ஸ்கேலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஒரு நூல் இருந்தாலும் போதும்.

ஸ்கேல் வைத்து அளப்பவர்கள் ஒரு பெருக்கலும் வகுத்தலும் செய்ய வேண்டும். மேலே சொன்ன பெரிதாக்கிய நகலில் 5 மீட்டர் பட்டை 71 மில்லிமீட்டர் இருக்கும். ஹால் 51 மில்லிமீட்டர். 51-ஐ 71-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 3.6 மீட்டர். உண்மையான அளவு கிடைத்து விட்டது! நகல் எத்தனை முறை மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பரங்கிமலையில் போட்ட பட்டை

படத்துக்குள்ளேயே ஓர் அளவை வைத்துவிட்டு மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடும் இந்த முறை நம் நாட்டில் மிகப் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அது தொடங்கிய இடம் சென்னை பரங்கிமலை.

1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் சுமார் ஏழரை மைல். அதை அளக்க 57 நாட்கள் பிடித்தன. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியோடு வெப்பமானிகளையும் வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு தூரத்தையும் சங்கிலியால் அளக்கவில்லை. மலை உச்சிகளிலும் கோபுரங்களிலும் நின்று கோணங்களை மட்டும் அளந்தார்கள். முக்கோணம் முக்கோணமாகத் தொடர்ந்து கணக்கிட்டார்கள். ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கோணத்திலிருந்து கண்டுபிடித்து விடலாம். சரியாக வருகிறதா என்று பார்க்க இடையிடையே புதிய கோடுகளையும் தரையில் அளந்தார்கள். இமயமலை வரை போன மாபெரும் நில அளவை இது. தரையில் போட்ட அந்த ஏழரை மைல் கோட்டை, இந்திய நாட்டுக்கே போட்ட அளவுப்பட்டை என்று சொல்லலாம்.

அந்த நில அளவையின் பயனாக வந்த வரைபடங்களில் பெயர் பெற்றது, 1 அங்குலத்துக்கு 1 மைல் என்ற படம். 1 மைலுக்கு 63,360 அங்குலம். ஆகவே அதன் விகிதம் 1:63,360. சுதந்திரத்துக்குப் பின் 1956-ம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தது. சர்வே துறையின் படமும் 1:50,000 என்று மாறியது. விகிதம் மாறினாலும் படத்தின் கீழே பட்டை போடும் வழக்கம் மாறவில்லை.

மழைக்கால ஈரம்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் டிராப்ட்ஸ்மேன்கள் மேஜை மேல் சாய்வுப் பலகை வைத்து, டி-ஸ்கொயர் பிடித்துக் கையால் வரைந்தார்கள். ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படிப்புக்குச் சேர்ந்த மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்றுக் கொண்ட பாடங்களில் ஒன்று, அளவுகோல் வரைவது. சாதாரண அளவுகோல், மூலைவிட்ட அளவுகோல் என்று அதில் வகைகள் உண்டு. அவர்கள் கையில் எம்-1 முதல் எம்-8 வரை எட்டு அட்டை அளவுகோல்கள் கொண்ட ஒரு தொகுப்பு இருக்கும்.

அந்தக் காலத்திலும் பட்டைக்குத் தேவை இருந்தது. காகிதம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மும்பையின் ஜூலை மாத மழையில் ஒரு பெரிய தாள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமோனியா பிரிண்ட் எடுக்கும்போதும் தாள் கொஞ்சம் மாறும். தாளில் வரைந்த பட்டையும் தாளோடு சேர்ந்து மாறுவதால் அளவு தப்பாது. நூறு ஆண்டுக்கு முந்தைய நிலப்படத்தை இன்று எடுத்து அளப்பவர்கள் விகிதத்தை நம்புவதில்லை. பட்டையைத்தான் முதலில் அளக்கிறார்கள்.

பிறகு வரைபடங்களை மைக்ரோபிலிமில் படம் பிடித்துச் சேமிக்கும் வழக்கம் வந்தது. பெரிய தாள் ஒரு சிறு பிலிம் துண்டாகி, மீண்டும் பெரிதாகி வெளியே வரும். எவ்வளவு பெரிதாகி வந்தது என்று எப்படித் தெரியும்? அதற்காகத் தாளின் விளிம்பில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு, 10 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வீதம், எண்கள் இல்லாத ஓர் அளவைப் போட வேண்டும் என்று 1980-களின் தர விதிகள் கூறின. அதுவும் அளவுப்பட்டையின் தம்பிதான்.

கம்ப்யூட்டரில் எப்படி?

1982-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த கண்காட்சியில் ஆட்டோகேட் என்ற மென்பொருள் வெளியிடப்பட்டது. மேஜைக் கம்ப்யூட்டரில் வரைபடம் வரைய உதவும் மென்பொருள் அது. இன்று மும்பையில் கட்டட வரைபட அலுவலகம் என்றாலே இதுவோ இதைப் போன்ற வேறொன்றோ இருக்கும். அந்த வேலையில் தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் வரையும் முறை கை வரைபடத்திலிருந்து ஒரு விஷயத்தில் மாறுபடுகிறது. கையால் வரைபவர் முதலிலேயே 100-க்கு 1 என்று சுருக்கித்தான் வரைவார். கம்ப்யூட்டரில் சுருக்குவதில்லை. 3,600 மில்லிமீட்டர் சுவரை 3,600 என்றே வரைவார்கள். முழு அளவில் வரையும் அந்த இடத்துக்கு மாடல் வெளி என்று பெயர். அச்சிடுவதற்குத் தயாராகத் தாளை வைத்துப் பார்க்கும் இடத்துக்குத் தாள் வெளி என்று பெயர். தாள் வெளியில் ஒரு ஜன்னல் திறந்து, அதன் வழியாக மாடலைப் பார்ப்பது போன்ற ஏற்பாடு இது. அந்த ஜன்னலுக்குத்தான் 1:100 என்றோ 1:50 என்றோ விகிதம் கொடுக்கிறார்கள். ஆட்டோகேட்டில் இந்த வசதி 1990-ம் ஆண்டு வந்தது.

இங்கேதான் அளவுப்பட்டை விஷயத்தில் கவனம் வேண்டும். பட்டையை எந்த வெளியில் வரைவது?

மாடல் வெளியில், வீட்டுப் படத்துக்குப் பக்கத்திலேயே வரைவது பாதுகாப்பான வழி. 1,000 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு கட்டம் போட வேண்டும். அதுதான் 1 மீட்டர். அதைப் போல ஐந்து கட்டங்களை வரிசையாக ஒட்டி வைத்து, ஒன்று விட்டு ஒன்றைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். மேலே 0 முதல் 5 வரை எண்களும் கடைசியில் "மீட்டர்" என்ற சொல்லும் எழுத வேண்டும். தாளில் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம் வர வேண்டுமானால், 1:100 படத்துக்கு மாடலில் 250 மில்லிமீட்டர் உயரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் புள்ளி போல அச்சாகும்.

இன்னும் நுணுக்கம் வேண்டும் என்பவர்கள் 0-க்கு இடது பக்கம் ஒரு கட்டம் சேர்த்து, அதைப் பத்தாகப் பிரிக்கலாம். அப்போது 10 சென்டிமீட்டர் வரை படிக்க முடியும். பழைய டிராப்ட்ஸ்மேன்கள் செய்ததும் இதுவே.

இப்படி வரைந்த பட்டை, வீட்டோடு சேர்ந்து அதே ஜன்னல் வழியாகத் தாளுக்கு வருகிறது. ஜன்னலின் விகிதத்தை 1:50 என்று மாற்றினால் வீடு இரு மடங்காகும். பட்டையும் இரு மடங்காகும். உறவு கெடாது.

தாள் வெளியில் தனியாகப் பட்டை வரைபவர்களும் உண்டு. 1:100 படத்துக்கு 5 மீட்டர் பட்டை 50 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டு ஒட்டி விடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பிறகு யாராவது ஜன்னலின் விகிதத்தை 1:50 என்று மாற்றினால் வீடு மட்டும் பெரிதாகும். பட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். 3.6 மீட்டர் ஹாலை அந்தப் பட்டையால் அளந்தால் 7.2 மீட்டர் என்று வரும். உண்மை சொல்ல வேண்டிய பட்டையே பொய் சொல்லும். தாள் வெளியில்தான் வரைவது என்றால் ஜன்னலின் விகிதத்தைப் பூட்டி வைக்க வேண்டும். அந்த வசதியும் மென்பொருளில் இருக்கிறது.

ஒரே தாளில் மனையின் படம் 1:500, வீட்டுப் படம் 1:100, குளியலறைப் படம் 1:20 என்று மூன்று விதமாக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை வேண்டும். மூன்றுக்கும் பொதுவாக ஒரு பட்டை போட்டால் இரண்டுக்கு அது தவறு.

பழைய படத்திலிருந்து பட்டையை நகல் எடுத்து ஒட்டும்போதும் கவனம் தேவை. மீட்டர் கணக்கில் வரைந்த படத்தில் 1 என்பது 1 மீட்டர். மில்லிமீட்டர் கணக்கில் அதே 1 என்பது 1 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றில் அப்படியே வைத்தால் 1,000 மடங்கு வித்தியாசம் வரும். அங்குலக் கணக்கில் வரைந்த பட்டையை மில்லிமீட்டர் படத்தில் வைத்தால் 25.4 மடங்கு வித்தியாசம்.

அலகு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் உண்டு. 1999-ம் ஆண்டு செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று காணாமல் போயிற்று. ஒரு பிரிவினர் பவுண்டு கணக்கில் கொடுத்த எண்களை மற்றொரு பிரிவினர் மெட்ரிக் கணக்கு என்று எடுத்துக் கொண்டதே காரணம். எண்ணில் பிழை இல்லை. எந்த அலகு என்பதில்தான் பிழை. பட்டையில் "மீட்டர்" என்ற சொல்லை மறக்காமல் எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

அச்சிட்ட பிறகு ஒரு சோதனை

அச்சிடும்போது "காகிதத்துக்குள் அடங்கும்படி" என்ற வசதியை நீக்கி விட வேண்டும். தாள் வெளியிலிருந்து 1-க்கு 1 என்று அச்சிட வேண்டும். அச்சான தாளில் 5 மீட்டர் பட்டையை ஸ்கேலால் அளந்து பார்க்க வேண்டும். 1:100 படத்தில் அது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 48 இருந்தால் பிரிண்டர் சுருக்கி விட்டது என்று பொருள்.

இன்னொரு சோதனையும் உண்டு. படத்தில் ஏதாவது ஒரு சுவருக்கு அளவு எண் எழுதியிருக்கும். அந்தச் சுவரைப் பட்டையால் அளந்து பாருங்கள். எண்ணும் பட்டையும் ஒத்துப் போனால் பட்டை சரி. ஒத்துப் போகாவிட்டால், வரைந்தவரிடம் விளக்கம் கேட்காமல் அந்தப் படத்தை நம்பக் கூடாது.

எழுதிய எண் எதுவும் இல்லாத பழைய படமாக இருந்தால், அதில் தெரியும் ஒரு பொருளையே பட்டையாக்கலாம். ரெயில் பாதைக்குப் பக்கத்தில் வாழும் மும்பைக்காரர்களுக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. புறநகர் ரெயிலின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. பெரிய அளவில் வரைந்த யார்டு படத்தில் தண்டவாளங்கள் தெரிந்தால் அதைக் கொண்டு மற்றவற்றைக் கணக்கிடலாம். மெட்ரோ ரெயில் பாதையை இதில் சேர்க்கக் கூடாது. அதன் அகலம் 1,435 மில்லிமீட்டர்தான்.

பட்டையால் ஆகாதது

அளவுப்பட்டையால் எல்லாம் முடியும் என்று நினைக்கக் கூடாது. கட்டட வேலைக்கான படங்களில் "எழுதிய அளவையே பின்பற்றவும், படத்தை அளக்க வேண்டாம்" என்ற குறிப்பு இருப்பது வழக்கம். அது சரியான விதி. கொத்தனாரும் மேஸ்திரியும் எழுதிய எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும். 1:100 படத்தில் பென்சில் கோட்டின் பருமன் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் அது 5 சென்டிமீட்டர். அதை அளந்து சுவர் எழுப்ப முடியாது. பட்டை என்பது கட்டுவதற்கு அல்ல, சரிபார்ப்பதற்கு.

விளம்பரங்களில் வரும் வண்ணப் படங்களுக்கும் பட்டை உதவாது. ஹாலின் வாசலில் நின்று பார்ப்பது போன்ற படத்தில் பக்கத்துச் சோபா பெரிதாகவும் தூரத்து ஜன்னல் சிறிதாகவும் இருக்கும். ஒரே பட்டை இரண்டையும் அளக்க முடியாது. மேலிருந்து நேராகப் பார்த்து வரைந்த தளப் படத்தில்தான் பட்டை செல்லும். படத்தை ஒரு பக்கமாக மட்டும் இழுத்து நீட்டியிருந்தாலும் பட்டை தவறும். படுக்கை வாட்டில் இருக்கும் பட்டை, நெடுக்கு வாட்டில் நடந்த மாற்றத்தைக் காட்டாது. வட்டமாக இருக்க வேண்டிய வாஷ்பேசின் முட்டை போலத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

"இப்படம் அளவின்படி வரையப்பட்டதல்ல" என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் படத்தை அளப்பதில் பயன் இல்லை. அளவின்படி வரைந்த வேறு படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

எதை அளப்பது?

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று விளக்கமாகச் சொல்லி விட்டது. பிளாட்டுக்குள் பயன்படுத்தக் கூடிய தரைப் பரப்பு அது. வெளிச்சுவர்கள் அடைக்கும் இடம் அதில் சேராது. குழாய்கள் போகும் தண்டு, அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டை மாடி ஆகியவையும் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்களின் இடம் சேரும்.

ஆகவே பட்டை வைத்து அளப்பவர்கள் வெளிச்சுவரின் உள் விளிம்பிலிருந்து எதிர்ச்சுவரின் உள் விளிம்பு வரை அளக்க வேண்டும். பால்கனியைத் தனியாக அளந்து ஒதுக்கி விட வேண்டும். மீட்டரில் கிடைத்த நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் சதுர மீட்டர். அதை 10.76-ஆல் பெருக்கினால் சதுர அடி. ஒவ்வொரு பகுதியாக அளந்து கூட்டிப் பார்த்தால், சொன்ன அளவும் வரைந்த அளவும் ஒன்றா என்று தெரிந்து விடும். சிறு வித்தியாசம் கோட்டின் பருமனால் வரலாம். பெரிய வித்தியாசம் வந்தால் கேள்வி கேட்கலாம்.

கேள்வி கேட்பதற்குக் கையில் ஓர் ஆதாரம் இருப்பது நல்லது. "அறை சின்னதாக இருக்குமோ என்று தோன்றுகிறது" என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் அதற்குப் பதில் சுலபம். "உங்கள் படத்தில் உள்ள பட்டையை வைத்து அளந்தோம். 10 அடி என்று எழுதியிருக்கும் இடம் ஒன்பதரை அடிதான் வருகிறது" என்று சொன்னால் கணக்கோடு பதில் சொல்லியாக வேண்டும்.

வரைபவருக்குப் பட்டை போடுவது ஐந்து நிமிட வேலை. ஒரு முறை செய்து சேமித்து வைத்தால் அடுத்த படத்துக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆகவே பட்டை இல்லாத பிளானை யாராவது கொடுத்தால், "அளவுப்பட்டை போட்டுக் கொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். கையெழுத்துப் போடும் நாளுக்கு முன்பே கேளுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், அளக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுக்கலாம். அட்லஸ் படித்த பிள்ளைக்கு அது தெரிந்த வேலைதான்.